கிணறு கற்றுக்கொண்ட குரல்

நாக்கு இல்லை, நன்றாகப் பேசும். காது இல்லை, ஒரு சொல்லையும் தவறவிடாது. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, முயல்தான் காட்டிலேயே பெரிய வாயாடி. நெடுஞ்செவியன் என்ற முயல் பேச்சாலேயே ஒரு சிங்கத்தைக் கொன்றது. நாளுக்கொரு மிருகத்தைத் தின்றுவந்த அந்தச் சிங்கத்தைப் பாழுங்கிணற்றுக்கு அழைத்துப் போய், "உள்ளே ஒருவர் காத்திருக்கிறார், அரசே. எட்டிப் பாருங்கள்" என்று தேனொழுகச் சொன்னது. தண்ணீரில் தெரிந்த தன் நிழலைப் பகைவன் என்று நினைத்துச் சிங்கம் பாய்ந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிணறு அதற்குமுன் யார் பேச்சையும் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் இரை வரும் என்று அது புரிந்துகொண்டது.

சில நாளில் ஒரு மான் வந்து, கன்றைக் காணோம் என்றது. நெடுஞ்செவியன் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனதாம். நான் யாரையும் கூப்பிடவில்லையே என்று முயல் சிரித்தது. அடுத்து, காட்டுப்பன்றியின் குட்டியும் அப்படியே போனது. முயல் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

ஒரு நண்பகலில் முயலின் ஒரே மகள் மொட்டு புதரில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், கிணற்று விளிம்பில் நிற்கிறது. பாய்ந்து பிடிக்கப் போனால் மிரண்டு பின்வாங்கும், பின்னால் கிணறு.

"மொட்டு, இங்கே வா" என்று முயல் அதட்டியது.

"மொட்டு, இங்கே வா" என்றது கிணறு. அதே குரல். ஆனால் தேனொழுக.

குட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. "உள்ளே இருக்கும் அப்பா அன்பாகக் கூப்பிடுகிறார். நீங்கள் யார்?"

"நான்தானம்மா உன் அப்பா."

"நான்தானம்மா உன் அப்பா" என்றது கிணறு.

முயலுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் எதைச் சொன்னாலும் அது கிணற்றுக்குச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். வாயை இறுக மூடிக்கொண்டது. பின்காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டியது. அதிர்வு மண்ணுக்குள் ஓடி மொட்டின் பாதத்தில் ஏறியது. அப்பா துள்ளித் துள்ளி வீடு திரும்பும்போது, பாதி உறக்கத்தில் அது உணரும் அதே அதிர்வு.

கிணறு மறுபடி கூப்பிட்டது, இன்னும் இனிமையாக. முயல் பேசவில்லை. தட்டியது.

அன்று முதல்தான் முயல்கள் பேசுவதில்லை. ஆபத்தென்றால் பின்காலால் தரையைத் தட்டுகின்றன. கிணறுகள் மட்டும் நாம் சொல்வதை இன்றும் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கின்றன.

மொட்டு, தட்டல் வந்த பக்கம் போனது.