உள்ளே போனது ரெண்டு பேர்

சளக்... சளக்... சேத்துல யாரோ பொறுமையா கால எடுத்து வச்சு வர்ற சத்தம். எத்தனையோ வருஷத்துக்கு முந்தி பிலோமி கேட்டது. எப்படிக் கேட்டான்னு சொல்றேன், காலை மடக்கிப் படு.

ஒரு ஊர்ல ஒரு ஸ்டுடியோக்காரி இருந்தா. அவதான் பிலோமி. அவளும் அவ புருஷன் சூசையும் கடைத்தெருவுல போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தாங்க. செலின்னு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. ம்? ஆமா, அவளுக்கும் முன்பல் விழுந்துருச்சு.

விறைச்சுப் போய் நிக்கிற மனுஷங்களைப் படம் புடிச்சுப் புடிச்சு பிலோமிக்கு அலுத்துப் போச்சு. ஊருக்கு மேற்கால ஒரு பெரிய ஏரி. பாதி கருவேலங்காடு, பாதி சதுப்பு, ஆள் உயரத்துக்கு நாணல். அந்த நாணலுக்குள்ள சிவப்புச் சில்லைன்னு ஒரு குருவி கூடு கட்டியிருந்துச்சு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குன்றிமணிச் சிவப்பு, அதுமேல நொய்யரிசி தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. அது குஞ்சுக்கு இரை ஊட்டுறதை ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துடணும்னு பிலோமிக்கு ஆசை. சோறு இறங்காத ஆசை.

அப்புறம், கூட்டுக்குப் பக்கத்துல நாலு மூங்கில் நட்டு, சுத்திச் சாக்கு கட்டி ஒரு மறைப்பு செஞ்சாங்க. முன்னால கேமராவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்துல, கரையைப் பாக்கிற மாதிரி ஒரு கிழிசல். ஆனா ஆள் உள்ள போறதைப் பாத்துட்டா குருவி கிட்டயே வராது. அதுக்கு ஒரு தந்திரம் உண்டு. ரெண்டு பேரா உள்ள போகணும். ஒருத்தர் மட்டும் வெளிய வந்து, நல்லாத் தெரியுற மாதிரி நடந்து போயிடணும். ஆள் போயாச்சுன்னு குருவி நம்பிடும்.

"குருவிக்கு எண்ணத் தெரியாது ஏட்டி"ன்னு சூசை சிரிச்சார்.

"உங்களுக்கு மட்டும்? நேத்து மூணு இட்லி போதும்னு ஏழு தின்னீங்க."

"மெதுவாப் பேசு. குருவி பறந்துடப் போகுது."

மொத நாள் சூசை கூட வந்தார், உள்ள போனார், வெளிய வந்து கரையேறிப் போயிட்டார். குருவி கீச் கீச்சுன்னு தூரத்துலயே சுத்திச்சு. கிட்ட வரல.

ரெண்டாம் நாள் கிளம்புற நேரத்துல ஸ்டுடியோவுக்கு ஒரு குடும்பமே வந்து நின்னுச்சு. "நீ முன்னால நட, இவங்களை அனுப்பிட்டு வந்துடறேன்"ன்னார் சூசை. பிலோமி நடந்தா. ஏரி பூரா பனி. அவ சதுப்புல இறங்கினதும் பின்னால சளக், சளக். அவர்தான்னு நெனச்சு அவ திரும்பிப் பாக்கல. மறைப்புக்குள்ள நுழைஞ்சா. பின்னாலயே வந்து முதுகுப் பக்கம் உக்காந்துச்சு. பேச்சு மூச்சு இல்ல. ஈரச் சேத்து வாசம் மட்டும் அடிச்சுது.

"சரி, நீங்க போங்க"ன்னா, கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காம.

சாக்கு விலகுச்சு. சளக், சளக்... போயிருச்சு. அப்போ பாத்தா, குருவி கூட்டு வாசலுக்கே வந்து உக்காருது! ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு.

வீட்டுக்கு வந்து, "நல்லவேளை, சொன்னபடி வந்துட்டீங்க"ன்னா.

"நான் எங்க வந்தேன்? அந்தக் குடும்பத்துல பதினோரு பேரு. மத்தியானம் வரைக்கும் தலை வாரிக்கிட்டே இருந்தாங்க."

அப்போ முதுகுப் பக்கம் வந்து உக்காந்தது யாரு? பிலோமி அதை அவர்கிட்ட சொல்லல. சொன்னா அவர் போக விடமாட்டார். இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சு பறந்துடும்.

மூணாம் நாள், "நீங்க வர வேண்டாம்"னு தனியா கிளம்பினா. அது வரும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனா.

ம்? தூங்கிட்டியா? இல்லையா... சரி.

சளக், சளக். வந்துச்சு. உக்காந்துச்சு. பிலோமி திரும்பல.

"போ"ன்னா. போங்கன்னு சொல்லல.

அது போச்சு. அப்போ குருவி நேரா வந்துச்சு. அலகுல புல்விதை. குஞ்சு மூணும் வாயைப் பிளக்குது. பிலோமியோட விரல் பட்டன் மேல.

"அம்மா!"

கரையில செலின் குரல். சோத்துத் தூக்கோட சூசை பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கார். பிலோமி கிழிசல் வழியாப் பாத்தா. பிள்ளை மறைப்பைப் பாக்கவே இல்ல. கரையை நோக்கி ஒருத்தி நடந்து போறா. பிலோமியோட பச்சைச் சேலை, பிலோமியோட கொண்டை, பிலோமியோட நடை. கொசுவத்துலேர்ந்து மட்டும் தண்ணி சொட்டுது. சூசை அவளைப் பாத்துச் சிரிக்கிறார். பிள்ளை ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடுது.

அப்போதான் பிலோமிக்குப் புரிஞ்சுது. ஒருத்தி உள்ள இருக்கிற வரைக்கும்தான் அது வெளிய நடக்க முடியும். இவ இங்கயே உக்காந்திருந்தா, அதுதான் பிலோமி. அதுதான் வீட்டுக்குப் போகும்.

குருவி இன்னும் முன்னாலதான் இருக்கு. ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும்.

அவ அமுக்கல. சாக்கைக் கிழிச்சுக்கிட்டு எழுந்தா. படபடபடன்னு குருவி பறந்துச்சு. மூங்கில் சரிஞ்சு, சரசரன்னு நாணல் மேல விழுந்துச்சு. அவ சேத்துல விழுந்து, எழுந்து, ஓடினா. அதுக்குள்ள அது பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சாச்சு.

"என்னங்க! உள்ள போனது ரெண்டு பேரு! வெளிய வந்ததும் ரெண்டு பேரு! எண்ணுங்க!"

சூசை பாத்தார். இந்தப் பக்கம் ஒரு பிலோமி, அந்தப் பக்கம் ஒரு பிலோமி. தூக்கு ணங்குன்னு கீழ விழுந்துச்சு. விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு."

உள்ள யாரும் இல்லன்னு ஆயிருச்சு. அது பிள்ளையைக் கீழ இறக்கிவிட்டுச்சு. மெதுவா, பாதம் தரையில படுற வரைக்கும் புடிச்சிருந்து இறக்கிவிட்டுச்சு. யாரையும் பாக்கல. கரையை விட்டு இறங்கி, சளக், சளக், நாணலுக்குள்ள போச்சு. நாணல் மூடிக்கிச்சு.

"அந்த அம்மா ரொம்ப ஜில்லுன்னு இருந்தாங்க"ன்னா செலின்.

அவ்வளவுதான், கதை கரையேறிருச்சு. விளக்கை அணைக்கிறேன், கண்ணை மூடு.

என்னது? குஞ்சா?

மறுநாள் சூசை போய்ப் பாத்தார். மூங்கில் விழுந்து கூடு தண்ணிக்குள்ள கிடந்துச்சு. மூணு குஞ்சும் செத்துப் போயிருந்துச்சு.