ராயர் யானைகள் கட்டிய கரை

முன்னொரு காலத்தில் வேங்கைப்பாடி என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. இலையில் மீன் குழம்பு மட்டும் மாறக்கூடாது. அரண்மனைத் தோப்பை ஓடை அரித்துத் தின்றபோது தளபதி மாதவராயர் கருங்கல் சுவர் எழுப்பினார். அடுத்த வெள்ளம் சுவரைக் கொண்டுபோனது. ஒதுங்க இடமில்லாமல் மீனும் போனது.

"கரையும் நிற்கணும், கெளுத்தி மீனும் வரணும்" என்று ராஜா வேலையை மந்திரி செங்கழுநீராளிடம் ஒப்படைத்தார்.

ராயருக்கு வயிறு எரிந்தது. பொம்பளைக்கு எதற்கு மந்திரி முத்திரை என்று ஊரெல்லாம் கேட்டவர் அவர். சுவர் விழுந்தபோது, ஆம்பிளைக்கு எதற்குத் தளபதி வேலை என்று யாராவது கேட்டார்களா?

"கரை சரிந்தால் முத்திரை எனக்கு, மகாராஜா!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

செங்கழுநீராள் கரையைச் சரிவாக வெட்டி நொச்சிக் குச்சிகளை நட்டாள். தோப்பில் வேரோடு சாய்ந்து கிடந்த மருத மரங்களை இழுக்க யானை கேட்டாள்.

"எல்லா யானைக்கும் காய்ச்சல்" என்றார் ராயர்.

மறுநாள் சபையில் அவள் அழாத குறையாகச் சொன்னாள்: "ராயரே, யானை வேண்டாம். அந்த மரங்களை யாரும் என் கரையில் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வேர்ப்பக்கம் தண்ணீரில் இறங்கிவிட்டால் என் கதை முடிந்தது!"

"அடடா, பாவமே!" என்ற ராயர், மனசுக்குள் முத்திரை மோதிரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவள் வெளியூர் போன அன்று காய்ச்சல் யானைகளெல்லாம் ஓடைக்கு வந்தன. ராயரே நின்று ஏவினார். "வேர்ப்பக்கத்தைத் தண்ணீரில் விட்டு, மரத்தைக் கரைக்குள் ஆழமாப் புதைங்கடா! அவள் பிடுங்கவே கூடாது!"

வெள்ளம் வந்தது. வேர்களில் முட்டி வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவிட்டுப் போனது. நொச்சி தழைத்தது. வேர்ச் சந்தெல்லாம் கெளுத்தி!

இலையை வழித்த கையோடு ராஜா சொன்னார்: "மந்திரி, தோப்பில் பாதி உனக்கு!"

ராயருக்குப் பொறுக்கவில்லை. என் யானை, என் பாடு, பேர் அவளுக்கா? வாய் முந்திக்கொண்டது. "மரம் போட்டது நான், மகாராஜா!"

"காய்ச்சல் யானையை வைத்தா? வேண்டாம் என்று அவள் கெஞ்சினாளே, பிறகு ஏன் போட்டீர்?"

ராயர் மந்திரி பக்கம் திரும்பினார்.

"வேண்டும் என்று கேட்டேன், கொடுக்கவில்லை" என்றாள் செங்கழுநீராள். "அதனால் வேண்டாம் என்று கேட்டேன்."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "இனி வருஷாவருஷம் மழைக்கு முன்னால் மரம் இறக்குவது ராயர் வேலை. எங்கே என்று மந்திரி சொல்வாள்."

அதிலிருந்து ராயருக்குக் கெளுத்தி என்றாலே கசப்பு. ராஜா விடுவாரா? விருந்து நடக்கும்போதெல்லாம் முதல் துண்டு ராயர் இலைக்குத்தான்.