துண்டுக்குள் ஆறு விரல்

முன்னொரு காலத்தில் நெய்தலங்கரை என்ற துறைமுக நாட்டைக் கொற்றவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட கட்டளையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றுகிறவர். அவரே ஒருநாள் நல்ல சட்டம் ஒன்று போட்டார். துறைமுகத்தில் லஞ்சம் கொடுத்தால் கொடுத்தவன் கப்பல் அரண்மனைக்கு. வாங்கினால் வாங்கியவன் பதவி போகும்.

அந்த ஊரில் பூவாயி என்று ஒருத்தி செக்கில் எண்ணெய் ஆட்டி, தோணியில் ஏற்றி வியாபாரம் செய்தாள். சட்டத்துக்கு முன்பெல்லாம், சுங்கத்தில் காசு நீட்டாத குற்றத்துக்காக அவள் தோணி பத்து நாள் கரையில் காயும், எண்ணெய் காறிப்போகும். அதனால் வட்டிக்கடை வயிரவன் அவளுக்கு நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் குறைந்து கடன் கொடுத்ததில்லை. சட்டம் வந்த பிறகு தோணி அன்றன்றே கிளம்பியது. வட்டியும் இரண்டாக இறங்கியது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது தோணியைப் பாதி கட்டிவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. இந்தச் சட்டத்தால் வியாபாரிகள் எல்லாருக்கும் வட்டி ஏறிவிட்டது, துறைமுகமே படுத்துவிட்டது என்று சுங்க அதிகாரி செண்டலங்காரர் ராஜாவிடம் அழுதாராம். நாளைக்கே சட்டத்தை எடுத்துவிடலாம் என்று ராஜாவும் சொல்லிவிட்டாராம். பூவாயி கணக்குப் போட்டாள். வட்டி மறுபடி மூன்றானால் பாதித் தோணி விறகுதான். விடிந்ததும் சபைக்குப் போய் நின்றாள்.

"செக்குச் சுற்றுகிறவளுக்கு ராஜாங்கம் எதற்கம்மா?" என்றார் செண்டலங்காரர்.

"சுற்றுவது மாடு, ஐயா. எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்கிறவள்தான் நான்."

ராஜா சிரித்துவிட்டார். வயிரவனைத் துண்டோடு வரவழைக்க வேண்டும் என்று கேட்டாள் பூவாயி. அந்த ஊரில் வட்டியை வாயால் சொல்லும் வழக்கமில்லை. கடன் கொடுப்பவர் துண்டுக்கு அடியில், கேட்பவரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை வட்டி. வாய் பொய் சொன்னாலும் துண்டுக்குள் யாரும் பொய் பிடிப்பதில்லை.

இது புது விளையாட்டாக இருக்கிறதே என்று ராஜா தாமே கையை நீட்டினார். பூவாயி ஒவ்வொரு வியாபாரியின் பெயராகச் சொன்னாள். உப்புக்காரருக்கு இரண்டு விரல். கருவாட்டுக்காரருக்கு இரண்டு. பூவாயிக்கும் இரண்டு. கடைசியாக, மூன்று கப்பல் வைத்திருக்கும் சொக்கநாயகம் என்றாள். அவர் செண்டலங்காரரின் மைத்துனர். வயிரவன் ராஜாவின் ஐந்து விரலையும் பிடித்தான். பிறகு மற்றக் கையையும் கேட்டு வாங்கி ஒரு விரல் பிடித்தான்.

"ஊரிலேயே பெரிய பணக்காரனுக்கு ஆறு வட்டியா?" என்றார் ராஜா.

பூவாயி விளக்கினாள். "மகாராஜா, லஞ்சம் கொடுத்துப் பிடிபட்டால் அவர் கப்பல் உங்களுக்கு வந்துவிடும். அதை நம்பிக் கொடுத்த கடன் மூழ்கிவிடும். அந்தப் பயத்துக்குத்தான் இந்த வட்டி. பயப்பட வேண்டாதவர்களுக்கு வட்டி இறங்கித்தானே இருக்கிறது."

"துறைமுகத்தில் லஞ்சம் கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பார்கள்?" என்று கேட்டார் ராஜா.

சபை முழுவதும் சுங்க அதிகாரியைத்தான் பார்த்தது. அவர் துண்டைப் பார்த்தார்.

மைத்துனரைக் கூட்டிவந்து விசாரித்ததும் எல்லாம் வெளியே வந்தது. கப்பல்கள் அரண்மனைக்குப் போயின. செண்டலங்காரருக்குப் பதவி போனது. வாங்கியதையெல்லாம் ஒரு மாதத்தில் திருப்பிக் கட்ட உத்தரவு. சட்டம் அப்படியே நின்றது. பூவாயியின் இரண்டாவது தோணிக்குப் பாய்மரம் அரண்மனைத் தோப்பிலிருந்து வந்தது.

செண்டலங்காரர் கடன் கேட்டு வயிரவனிடம் போனார். துண்டுக்குள் கை போனது. வயிரவன் அவருடைய பத்து விரலையும் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"போதவில்லை, ஐயா. மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."