அக்கரைக்கான ஜெபம்

"அவங்களுக்காக நான் ஏன் மேடம் ஜெபிக்கணும்? எங்க அண்ணன் அவங்க ஜெயில்லதான் கிடக்கான்."

இன்னாசி இப்படிக் கேட்டது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் துறையில், பேராசிரியர் நவமணியின் அறையில். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வேலைக்குப் போய், வெறுத்து, முப்பது தாண்டிப் படிக்க வந்தவன். பேராசிரியருக்கு அவனைவிடச் சில வயதுதான் கூடுதல்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். மாணவர்கள் இரண்டு நாடுகளாகப் பிரிந்து மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்துவார்கள். வாதம் தொடங்குமுன், ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பு மக்களுக்காக எழுந்து நின்று ஜெபிக்க வேண்டும். பொத்தாம் பொதுவாக ஜெபித்தால் செல்லாது. அங்கே இருக்கும் யாராவது ஒருவரின் குறையைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். ஜெபிக்காதவர் பேச முடியாது. மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் செய்வார்கள்.

இந்த முறை பொருள், கடல் எல்லை. இன்னாசி இக்கரைக்காகப் பேச வேண்டியவன். அக்கரை நாட்டின் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையாளராக வருகிறார். எல்லை தாண்டினான் என்று பிடிபட்ட அண்ணன் சந்தியாகுவைப் பற்றி அவர் காதில் போட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இன்னாசிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஜெபத்தை எழுதிட்டு வாங்க" என்றார் நவமணி.

எழுதி வந்தான். ஆண்டவரே, அக்கரை மக்களுக்கு இரக்கமுள்ள இருதயத்தைத் தாரும், எங்கள் ஆட்களை அவர்கள் விடுவிக்கும்படி செய்யும்.

நவமணி படித்தார்.

"இது அவங்களுக்கான ஜெபம் இல்ல, இன்னாசி. உங்க அண்ணனுக்கான மனு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான். மறுநாள் வேறொன்று கொண்டுவந்தான். உலக சமாதானம், சகோதர அன்பு, சகல ஜனங்களுக்கும் ஆசீர்வாதம்.

"இதை நார்வேக்கும் அனுப்பலாம்" என்றார் நவமணி.

"அவங்களுக்கு என்ன குறைன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? லைப்ரரில இருக்கிற அறிக்கை எல்லாம் படிச்சுட்டேன். வெறும் நம்பரா இருக்கு."

"உங்க வீட்டுல யாரும் அந்தக் கடலுக்குப் போனதில்லையா?"

"அண்ணன் போயிருக்கான்."

"அவர் என்ன பார்த்தார்?"

இன்னாசி பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

நவமணி அதற்கு மேல் கேட்கவில்லை. விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்தவனுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அதுதான் வம்பு. ஒருநாள் அண்ணன் சோறு சாப்பிட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னது. திரும்பி அறைக்குள் போனான்.

"ஒண்ணு ஞாபகம் வந்துச்சு மேடம். அந்த ஆபீசர் முன்னால அதைச் சொன்னா, அண்ணனுக்குத்தான் ஆபத்து."

"அப்போ சொல்லாதீங்க."

"ஜெபம் இல்லாம எப்படிப் பேசறது?"

"வேற யாராவது பேசட்டும்."

"வேற யாருக்கு மேடம் அவன்மேல அக்கறை?"

நவமணி அடுத்த விடைத்தாளை எடுத்தார். பேனா ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சுவார்த்தை நாள் வந்தது. தூதரக அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கரைக்காகப் பேசவிருந்த மாணவி முதலில் எழுந்தாள். கணவன் சிறையில் இருக்க, உதவித்தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒரு பெண்ணுக்காக ஜெபித்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றாள். பெயரையும் சொன்னாள். பிலோமினா.

அது இன்னாசியின் மதினி, சந்தியாகுவின் மனைவி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது அவனுக்கே தெரியாது. எப்போது போய் விசாரித்தாளோ!

இன்னாசி எழுந்தான். கையில் நார்வேக்கும் பொருந்துகிற ஜெபம் இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, அக்கரையில ஒரு ஆளு. சின்ன வள்ளத்துல வந்து வலை விரிச்சிருந்தான். எங்க விசைப்படகு அந்த வலைமேல ஓடிச்சு. எங்க வலையோட சிக்கி அவன் வலையும் மேல வந்துச்சு. அதை அறுத்துக் கடல்ல விட்டுட்டாங்க. அவன் வந்து தேடியிருப்பான். வேற வலை இருந்துச்சான்னு தெரியல. வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுச்சான்னும் தெரியல. அவனுக்கு ஒரு வலை கொடும்."

நிறுத்தினான்.

"அவன் பேரு எனக்குத் தெரியாது. அறுத்தவன் பேரு தெரியும். சந்தியாகு. எங்க அண்ணன்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது இன்னாசிக்கு. உட்காரப் போனான்.

"உட்காராதீங்க" என்றார் நவமணி. "இப்ப உங்க அண்ணனுக்காகப் பேசுங்க."