வாத்துக் கூட்டில் பச்சை இறகு

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு குரங்கு கோரைப்பாய்ப் பட்டறை நடத்தியது. கோரையைச் சாயத்தொட்டியில் போட்டு மிதிப்பது வாத்துகளின் வேலை. தொட்டியின் நெடியில் அவற்றுக்கு மூச்சு முட்டும். கால் வெந்து புண்ணாகும்; நெஞ்சு இறகெல்லாம் பச்சைச் சாயம் ஒட்டும்.

"பயப்படாதீர்கள், வெறும் இலைச்சாறு!" என்று குரங்கு சொல்லும். ஆனால் அது மட்டும் தன் குட்டியைக் கட்டிக்கொண்டு மரக்கிளையை விட்டு இறங்கவே இறங்காது. கெட்டிக்காரக் குரங்கு!

அங்கே வேலை பார்த்த செம்பி என்ற வாத்து முட்டையிட்டு அடைகாத்தது. ஒவ்வொன்றாகக் கூமுட்டையாகிப் போனது. கடைசியில் ஒரே ஒரு முட்டைதான் மிச்சம்.

"இதுவும் போனால் நான் என்ன செய்வேன்!" என்று செம்பி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயம்தான் முட்டைகளைக் கெடுத்தது என்று எருமை நீதிபதியிடம் குரங்கின்மேல் வழக்குப் போட்டது. எருமை மெதுவாகத்தான் நியாயம் சொல்லும். ஆனால் யாருக்கும் வளைந்து கொடுக்காது.

விசாரணை நாளில் செம்பி என்ன செய்தது தெரியுமா? பெரியவர் முன்னால் அழுக்காகப் போகலாமா என்று ஊற்றுநீரில் முங்கி முங்கிக் குளித்தது. இறகைக் கோதிக்கொண்டு பளபளவென்று போய் நின்றது. சாயமெல்லாம் போயே போய்விட்டது. அடப் பாவமே!

"எங்கே சாயம்? கல்யாணப் பெண் மாதிரி அல்லவா நிற்கிறாள்!" என்று குரங்கு கைகொட்டிச் சிரித்தது. "அடைகாக்கத் தெரியாமல் என்மேல் பழி போடுகிறாள்!"

செம்பி தலைகுனிந்தது. எருமை அசைபோட்டுக்கொண்டே கேட்டது: "கூட்டுக்கு மெத்தை எதில் போட்டாய், அம்மா?"

"எங்கள் வழக்கப்படி என் நெஞ்சு இறகைப் பிடுங்கித்தான் போட்டேன், ஐயா." சொல்லும்போதே செம்பிக்குப் பொறிதட்டியது. "ஐயோ! அதை வேலை முடிந்து வந்த கையோடு பிடுங்கினேனே!"

முட்டையைப் பக்கத்து வாத்து அணைத்துக்கொள்ள, கூட்டைக் கொண்டுவந்தார்கள். மெத்தை முழுக்கப் பச்சை. மோந்து பார்த்த எருமைக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"வெறும் இலைச்சாறுதானே?" என்று அது குரங்கிடம் கேட்டது. "உன் குட்டியைச் சற்று நேரம் இதில் படுக்க வை, பார்ப்போம்!"

குரங்கு குட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஓகோ! தெரிந்தேதான் செய்திருக்கிறாய்!" என்றது எருமை. "இன்றே தொட்டியை மூடு. வாத்துகளின் புண் ஆறும்வரை தீனியும் மருந்தும் உன் பொறுப்பு. செம்பிக்குப் புதுக்கூடும் நீயே கட்டிக் கொடு!"

குரங்கு முணுமுணுத்துக்கொண்டே புல் சுமந்தது. புதுக்கூட்டில் செம்பி அந்த ஒற்றை முட்டையை அணைத்து உட்கார்ந்தது. ஒருநாள் காலையில் ஓடு விரிசல் விட்டது. மஞ்சளாக ஒரு குஞ்சு தலையை நீட்டி, "கீ!" என்று கத்திக் குளக்கரையையே கூட்டியது!

பட்ட கெடுதலை மறைக்காமல் எடுத்துக்காட்டிக் கேட்டால், கெடுத்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.