மாடத்தி வைத்த காளான் குழம்பு

மரபணு மாற்றிய கத்தரிக்காய் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் சமைக்க வந்தவள் மாடத்தி. விதைக் கம்பெனி மேலாளர் வைத்தியலிங்கம் மேசையைத் தட்டியது அடுப்படிவரை கேட்டது.

"கெடுதல் என்கிறவர்கள் இப்போதே நிரூபியுங்கள். முடியாவிட்டால் விதையை விற்க அதிகாரி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடட்டும்!"

முதலில் நீங்கள் சோதித்துக் காட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்டும் அவர் மசியவில்லை. மாடத்திக்குப் பொறுக்கவில்லை.

பந்தியில் மேலாளர் இலையில் காளான் குழம்பை ஊற்றினாள். "காலையில காட்டோரம் பறிச்சது, ஐயா."

எடுத்த கவளம் பாதியில் நின்றது. "விஷக்காளானா என்று சோதித்தாயா?"

"எதுக்கு ஐயா? கெடுதல்னா நீங்க நிரூபிங்க. முடியலைன்னா சாப்பிடுங்க."

அவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். பந்தியே சிரித்தது.

"பயப்படாதீங்க, சந்தையில வாங்கினதுதான்" என்று அவளே அள்ளிச் சாப்பிட்டாள்.

பக்கத்து இலையிலிருந்த அதிகாரி சொன்னார்: "சோதனை முடிவு வரட்டும், மேலாளரே. அதுவரை கையெழுத்து கிடையாது. அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு!"