நாற்பது வளைவுக்கு ஒரு சிவப்பு வண்டி

பொள்ளாச்சியில் பழைய கார் விற்கும் ராக்கியப்பன் பொய் சொல்லுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் பொய்யெல்லாம் அவருக்குப் பத்தவே பத்தாது.

அவருடைய ஷெட்டுக்குள் காலடி வைத்த ஐந்தாவது நிமிடமே ஜெசிந்தாவுக்கு அது புரிந்துவிட்டது. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். போன மாதம் பிரசவ வலியில் துடித்த ஒருத்தியைக் கீழே கொண்டுவர ஜீப் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இனிமேல் அப்படி நிற்பதில்லை என்று, சேர்த்து வைத்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். வால்பாறைப் பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் திணறாமல் ஏற, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த வண்டிதான் சரி. அந்த டர்போவே பழுதாகி, பிள்ளைத்தாச்சியோடு வளைவில் நின்றுவிட்டால்?

துணைக்கு சவரிமுத்து சித்தப்பாவை அழைத்து வந்திருந்தாள். இருபத்தாறு வருடம் எஸ்டேட் லாரி ஓட்டியவர். யார் ஏமாற்றினாலும் பிடித்துவிடுவார் என்று நம்பினாள், பாவம்.

"காலைல இருந்து சாவியே போடலீங்க அம்மிணி" என்று ராக்கியப்பன் ஒரு சிவப்பு வண்டியைத் தட்டிக்கொடுத்தார்.

ஜெசிந்தா பானெட்டில் கை வைத்தாள். தோசைக்கல்லாகச் சுட்டது. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எஸ்டேட் மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தார்.

"சுடுதுங்களே?"

"சுடாம? போன வாரம் ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு ஒரே மூச்சுல ஏறுன சூடுங்க. இன்னும் ஆறல. நேத்துக்கூட எங்க வீட்டுல இதும்மேலதான் அப்பளம் பொரிச்சோம்."

சித்தப்பா இப்போது ஒரு அதட்டல் போடுவார் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். அவரோ, "எண்ணெய் ஊத்தியா, ஊத்தாமலா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. "ஆயில் எரியுதுங்களா?" என்றாள்.

"புகையே இல்லீங்க அது. டர்போ காத்தை இழுக்குமில்லீங்களா, மலையேறறப்ப அட்டகட்டிகிட்ட ரெண்டு மேகமும் சேந்து உள்ள போயிருச்சு. கொஞ்சங்கொஞ்சமா வெளிய வருது."

"மேகம் வெள்ளையாத்தானே இருக்கும்?"

"கருக்கல்ல புடிச்ச மேகமுங்க."

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சங்கு ஊதுவதுபோல ஒரு ஊளை. அதற்கும் ராக்கியப்பனிடம் பதில் இருந்தது. "ஒம்பதாவது வளைவுல இது இழுத்த இழுப்புல, முன்னால போன பஸ்ஸு பின்னுக்கு வந்துருச்சுங்க. கண்டக்டர் எறங்கி வந்து, 'கொஞ்சம் மெதுவா மூச்சு வுடச் சொல்லுங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு."

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன தம்பி பெரிய பஸ்ஸு? தொண்ணூத்தெட்டுல நான் லாரியை முடுக்குன முடுக்குல, அந்தக் காத்துக்கே ஒரு மலைத் தேயிலை பூரா உதிர்ந்து தானா சாக்குல போய் விழுந்துச்சு. கொழுந்து கிள்ள வந்தவங்கெல்லாம் அன்னைக்கு வீட்டுல போய்ப் படுத்துத் தூங்குனாங்க."

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புளுகனைப் பிடிக்க ஆள் கூட்டி வந்தால், இப்போது இரண்டு பேராகிவிட்டார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் இஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து போகும் குழாயின் இணைப்பைத் தடவினாள். விரலெல்லாம் ஆயில்; டர்போ கசிகிறது. "இதுக்கு முன்னால டர்போ மாத்தியிருக்காங்களா?"

"மாத்தறதா? இந்த வண்டி ஸ்பேனரையே கண்ணுல பாத்ததில்லீங்க!"

சந்தேகப்பட்டால் இந்த மனிதர் அசரவே மாட்டார். சித்தப்பா ஒரு படி மேலே போய் அளந்தபோதுதான் அவர் முகம் சுண்டியது. அதைக் கவனித்ததும் ஜெசிந்தாவுக்கு வழி தெரிந்துவிட்டது.

"ஏன் சித்தப்பா, உங்க லாரிக்கு டர்போவே தாங்காதுன்னு சொல்லுவீங்களே?"

"தாங்குமா பாப்பா? இருபத்தாறு வருசம் நான் மிதிச்ச மிதியில ரெண்டு டர்போ செத்துச்சு. தயாரிச்ச கம்பெனிக்காரனே வந்து லாரிக்கு மாலை போட்டுட்டுப் போனான்!"

ராக்கியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். "இருபத்தாறு வருசத்துல ரெண்டே ரெண்டுதானுங்களாண்ணா? இந்த வண்டி ஒரே வருசத்துல மூணு டர்போவை முழுங்கியிருக்குதுங்க! மெக்கானிக்கே, போதுஞ் சாமி, இனி என்கிட்டக் கொண்டு வராதீங்கன்னு கும்புட்டுட்டாரு!"

சித்தப்பா தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெசிந்தா விரலைத் துடைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மிணி, அப்ப வண்டி?"

"நாலாவதை நீங்களே ஊட்டி விட்டுருங்க. எங்க ஊருப் புள்ளத்தாச்சிங்க அது தின்னு முடிக்கிற வரைக்கும் வலியை அடக்கிட்டு இருக்க மாட்டாங்க."